2.8 கே.வி.ஏ பெட்ரோல் ஜெனரேட்டர்: எங்கே வைப்பது, எப்படி இணைப்பது, மழைக்காலம் முடிந்தபின் என்ன செய்வது?

வேதாரண்யம்வாசி

வணக்கம். ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு 2.8 கே.வி.ஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறோம். சிங்கிள் பேஸ், நாலு ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் ரகம். 2018 நவம்பர் 16 கஜா மாதிரி இன்னொன்று வந்து கம்பங்கள் சாய்ந்தால் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

ஓட வேண்டியவை: ஃப்ரிட்ஜ், 1 எச்.பி. தண்ணீர் மோட்டார், நாலு ஃபேன், எட்டு எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சார்ஜ். மாடிப்படிக்கு அடியில் கிரில் கேட் போட்ட இடம் இருக்கிறது, நனையாது, திருட்டுப் பயமும் இல்லை. அங்கே வைக்கலாமா? இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரை ஜெனரேட்டரிலிருந்து ஹாலில் உள்ள 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருகிவிட்டால் வீடு முழுக்க வரும் என்கிறார்கள், சரியா? பெட்ரோல் எவ்வளவு கையிருப்பு வைக்கலாம், எதில்? தை மாதத்துக்குப் பிறகு எட்டொன்பது மாதம் சும்மா கிடக்கும்போது என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

நீலச்சுடர்

மாடிப்படி அடி வேண்டவே வேண்டாம் தம்பி. கிரில் கேட் காற்றோட்டம் ஆகாது. மூன்று பக்கம் சுவர், தலைக்கு மேல் படி. படிக்கட்டுக் கூடு புகைபோக்கி மாதிரி வேலை செய்து எல்லாவற்றையும் மாடி அறைக்கு ஏற்றிவிடும். அதே காரணத்தால் பால்கனி, கார் நிறுத்தும் இடம், ஷட்டரைப் பாதி இறக்கிய கடை, ஜன்னல் திறந்த ஸ்டோர் ரூம் எதுவும் கூடாது.

ஆளைக் கொல்வது கண்ணுக்குத் தெரியும் புகை இல்லை, அதோடு வரும் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. பெட்ரோல் நாற்றமே வராத அறையிலும் அது நிறைந்திருக்கலாம். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் விழிக்காமலேயே போய்விடுவார்.

வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி, அதாவது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். உங்கள் பக்கம் மழைக்காலத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்துதான் வரும். ஆகவே வீட்டுக்குத் தெற்கிலோ மேற்கிலோ வைத்தால் புகை வீட்டை விட்டு விலகிப் போகும். ஆனால் புயல் கடக்கும்போது காற்றின் திசை மாறும், அதனால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்ததும் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு உள்ளே வாருங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் இதே 20 அடிக் கணக்குதான்.

பலர் விட்டுவிடும் இரண்டு விஷயம். ஒன்று, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன். அது ஓடினால் வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்து, வெளியில் இருப்பதை எந்த இடுக்கு வழியாகவும் உள்ளே இழுக்கும். ஜெனரேட்டர் ஓடும்போது அது நிற்கட்டும், அந்தப் பக்க ஜன்னல்களும் மூடியிருக்கட்டும். இரண்டாவது, கேபிள் வருவதற்காக ஜன்னலைத் திறந்தே வைப்பது. அந்த இடுக்கே வழியாகிவிடும்.

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. வாங்கும்போது பெயரைப் படித்து வாங்குங்கள்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்ச்சி வந்தால், அதுவும் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுக்காதீர்கள். எல்லோரும் வெளியே, பிறகு 108. வருகிறவர்களிடம் ஜெனரேட்டர் ஓடியது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியது போலவே காட்டும். 98 என்று வந்தாலும் ஆபத்து நீங்கியதாக அர்த்தமில்லை.

கம்பிவேலை

இட விஷயத்தில் அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அந்த இருபக்கப் பிளக் ஒயரைப் பற்றி நான் சொல்கிறேன்: இப்போதே வெட்டிப் போடுங்கள்.

முதல் ஆபத்து கைக்கு. ஒரு முனை கழன்று விழுந்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைப் பின்னில் 230 வோல்ட் இருக்கும். இரண்டாவது, வேலை பார்க்க வரும் மின்வாரிய ஆட்களுக்கு. சாக்கெட்டில் கொடுத்த கரண்ட் மெயின் வழியாகத் தெருக் கம்பிக்கு ஏறும். 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கித் தரும் அதே டிரான்ஸ்பார்மர், பின்பக்கமாக 230 வந்தால் அதை மறுபடி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பியைக் கையில் எடுக்கிறவர் உயிர் போகும். தெரு முழுக்க லோடு இருந்தால் ஜெனரேட்டர் தாங்காமல் நின்றுவிடும் என்று சிலர் வாதாடுவார்கள். புயலில் கம்பி உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அறுந்திருந்தால் லோடே இருக்காது, அது நிற்காமல் ஓடும். மெயினை இறக்கிவிட்டுத்தான் செருகுவேன் என்பதும் போதாது. இருட்டில், அவசரத்தில், வீட்டில் வேறொருவர் அதை ஏற்றுவதற்கு ஒரு நொடி போதும்.

சரியான வழி சேஞ்ச் ஓவர் சுவிட்ச், அதாவது மின்வாரியக் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு இணைக்கும் சுவிட்ச். சிங்கிள் பேஸ் வீட்டுக்கு 32 ஆம்பியர் டபுள் போல், நடுவில் ஆஃப் நிலை உள்ளது. மெயினுக்கும், வீட்டுக்குள் கரண்டைப் பிரித்து அனுப்பும் டி.பி. பெட்டிக்கும் நடுவில் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். பேஸ் மட்டும் மாறுகிற சிங்கிள் போல் வேண்டாம். நியூட்ரலும் சேர்ந்து பிரிய வேண்டும். மூன்று பேஸ் சர்வீஸ் என்றால் ஃபோர் போல்.

ஜெனரேட்டர் வந்து இணைய, வெளிச்சுவரில் மூடி போட்ட 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் இன்லெட் ஒன்று வைத்துவிட்டால் ஜன்னல் திறக்கும் வேலையே இல்லை. அங்கிருந்து ஜெனரேட்டர் வரை 2.5 ஸ்கொயர் எம்.எம்., மூன்று கோர், ரப்பர் உறை போட்ட காப்பர் கேபிள். 20 மீட்டர் நீளத்துக்கு 12 ஆம்பியர் இழுத்தால் 4 வோல்ட் அளவுதான் குறையும். சுருட்டி வைத்தபடியே ஓட்டாதீர்கள். சுருளுக்குள் சூடு வெளியேறாமல் உறை உருகும். தேவைக்கு மேல் இருந்தாலும் முழுவதும் பிரித்துப் போடுங்கள். நடுவில் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்றுகூட வேண்டாம்.

கூரையில் சோலார் பேனல் வைத்து மின்வாரிய லைனோடு இணைத்திருந்தால், ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரின் ஏ.சி. பிரேக்கர் இறங்கியே இருக்க வேண்டும். சோலார் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரை லைன் என்று நினைத்து அதற்குள்ளேயே கரண்டைத் தள்ளினால் இரண்டும் கெடும்.

வேதாரண்யம்வாசி

நன்றி அண்ணே. டி.பி.யில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது. ஜெனரேட்டரில் ஓடும்போதும் ஷாக்கிலிருந்து அது காப்பாற்றும்தானே? டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது.

கம்பிவேலை

பட்டன் விழுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

மின்வாரிய சப்ளையில் நியூட்ரல் டிரான்ஸ்பார்மரிலேயே எர்த் ஆகியிருக்கும். பேஸைத் தொட்டால் கரண்ட் உடம்பு வழியாக மண்ணுக்குப் போய், அங்கே திரும்பிச் சேரும். போனதும் வந்ததும் சமமில்லை என்று கண்டுபிடித்து ஆர்.சி.சி.பி. விழும். சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதோடும் சேராமல் தனியாக மிதக்கும். அப்போது ஒரு இடத்தில் லீக் ஆனாலும் திரும்பும் வழி இல்லாததால் ஆர்.சி.சி.பி. அசையாது. டெஸ்ட் பட்டன் மட்டும் விழும், ஏனென்றால் அது தன் உள்ளேயே பேஸையும் நியூட்ரலையும் ஒரு ரெசிஸ்டர் வழியாக இணைத்துச் சோதிக்கிறது. எர்த் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

அடையாளம் வேண்டுமானால், டெஸ்டரை ஜெனரேட்டர் சாக்கெட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு ஓட்டையிலும் மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் மிதக்கும் நியூட்ரல்தான்.

தீர்வு: ஜெனரேட்டர் பாடியில் உள்ள எர்த் திருகிலிருந்து வீட்டு எர்த் குழிக்குப் பச்சை ஒயர் இழுக்க வேண்டும். நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே ஒரு இடத்தில், சேஞ்ச் ஓவருக்கு முன்னால் ஜெனரேட்டர் பக்கம் இணைக்க வேண்டும். டபுள் போல் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். மின்வாரிய நியூட்ரலோடு இந்த இணைப்பு கலக்காது. சில மாடல்களில் இணைப்பு உள்ளேயே இருக்கும், சிலவற்றில் வைண்டிங் அமைப்பே வேறு, இணைக்கக்கூடாது. ஆகவே மேனுவலைப் பார்த்து எலக்ட்ரீஷியன்தான் செய்யணும், நாமே திருகு கழற்ற வேண்டாம். வேலை முடிந்ததும் பட்டனோடு நிற்காமல், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஆர்.சி.சி.பி. டெஸ்டர் கருவி வைத்து விழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.

டியூனிங்மேசை

லோடு கணக்கு நான் சொல்கிறேன். பெட்டியில் எழுதிய 2.8 உச்ச அளவாக இருக்கும். தொடர்ந்து ஓட 2.5 கே.வி.ஏ என்று வைத்துக்கொண்டால் 10, 11 ஆம்பியர். வாட்ஸில் 2,000 பக்கம். அதிலும் முக்கால் பங்குக்குள் ஓட்டினால் எஞ்சின் நீடிக்கும். நாலு ஃபேன் 300 வாட்ஸ், விளக்குகள் 80, ஃப்ரிட்ஜ் 200, இன்வெர்ட்டர் சார்ஜ் 250 முதல் 300 வரை. இது எல்லாம் சேர்ந்தாலே 900-ஐ நெருங்கும். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் மோட்டாரில். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப் போல நாலைந்து மடங்கு கேட்கும். ஆகவே மோட்டாரை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தனியாக ஓட்டுங்கள். டேங்க் நிரம்பியதும் நிறுத்திவிட்டு மற்றதைப் போடுங்கள். சுவிட்ச் போட்டு மூன்று நொடியில் கிளம்பாமல் உறுமிக்கொண்டே இருந்தால் உடனே அணையுங்கள். மோட்டார் வைண்டிங்கும் போகும், ஜெனரேட்டர் வைண்டிங்கும் போகும். கெய்சர், அயர்ன் பாக்ஸ், இண்டக்ஷன் அடுப்பு இந்த ஜெனரேட்டருக்கு இல்லை.

வீட்டு இன்வெர்ட்டர், சில நேரம் ஜெனரேட்டர் கரண்டை ஏற்க மறுத்து டிக் டிக் என்று மாறி மாறி விழும். அதன் பின்பக்கம் யு.பி.எஸ். மோடு, நார்மல் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலுக்கு மாற்றினால் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொண்டு சார்ஜ் ஆகும். என்னைக் கேட்டால் உங்களுக்குச் சிக்கனமான வழி இதுதான்: காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஜெனரேட்டர். தண்ணீர், ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி, பேட்டரி மூன்றும் அதற்குள் முடியட்டும். இரவில் இன்வெர்ட்டரில் ஃபேன், விளக்கு. எல்லோரும் தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடவே கூடாது. திறக்காத ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும்.

ஸ்டார்ட் செய்யும் முறை. சமதரையில் வைத்து ஆயில் பாருங்கள். இந்த அளவு எஞ்சினுக்கு 600 மில்லி பக்கம் பிடிக்கும், 10டபிள்யூ-30 போதும். பல மாடல்களில் குச்சியைத் திருகாமல் நுழைத்துத்தான் பார்க்க வேண்டும், மேனுவல் சொல்லும். சேஞ்ச் ஓவர் நடுவில் இருக்கட்டும். பெட்ரோல் காக் திற, சோக் மூடு, சுவிட்ச் ஆன். கயிற்றை மெதுவாக இழுத்து இறுக்கம் தட்டுப்பட்டதும் ஒரே இழுப்பு. கிளம்பியதும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூன்று நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். வோல்டேஜ் 220க்கும் 240க்கும் நடுவில் நிலையாக நின்றபின் சேஞ்ச் ஓவரைத் திருப்பி, ஒவ்வொன்றாகப் போடுங்கள். நிறுத்துவது இதற்குத் தலைகீழ்: லோடை எடு, மூன்று நிமிடம் வெறுமனே ஓடட்டும், பிறகு ஆஃப், பெட்ரோல் காக்கை மூடு.

வோல்டேஜ் குறைகிறது என்று கவர்னர் திருகைத் திருப்புகிறவர்கள் நிறைய. அது எஞ்சின் வேகத்துக்கான திருகு. 3,000 சுற்றுக்கு 50 ஹெர்ட்ஸ். லோடு இல்லாதபோது 52 வரை இருக்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரும் டிவியும் அடிவாங்கும். பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை லோடோடு ஓட்டுவதும் தப்பு. கடைசி நிமிடத்தில் வோல்டேஜ் சரிந்து கம்ப்ரசர் திணறும். ரோட்டரின் மிச்சக் காந்தம் குறைந்து, அடுத்த முறை எஞ்சின் ஓடியும் கரண்ட் வராமல் போகலாம்.

முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்றுங்கள், பிறகு 100 மணி அல்லது ஆறு மாதம். புயல் நேரத்தில் தினம் நாலு மணி ஓட்டினால் ஐந்தே நாளில் முதல் ஆயில் முடிந்துவிடும். ஒரு லிட்டர் முன்கூட்டியே வாங்கி வையுங்கள், கடை திறந்திருக்காது. இன்னொன்று: நன்றாக ஓடியது திடீரென்று நின்று, ஸ்பார்க் பிளக்கில் பொறியே வராவிட்டால் பிளக்கை மாற்றும் முன் ஆயிலைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் உள்ளே ஒரு சுவிட்ச் பொறியை நிறுத்திவிடும். சரிவான தரையில் வைத்தாலும் அதே கதைதான்.

பழையகேன்

பெட்ரோலுக்கு வருகிறேன். 1934 பெட்ரோலியச் சட்டத்தின் 8வது பிரிவுப்படி விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். எதில் வைப்பது என்றும் அதே பிரிவு சொல்கிறது: இறுக மூடிய கண்ணாடி, பீங்கான், உலோகக் கலன். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர் பாட்டிலும் எண்ணெய் கேனும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் வெயிலில் உப்பி மூடி கசியும்.

என் கருத்து, 30 லிட்டர் உரிமை இருக்கிறது என்பதற்காக 30 வைக்க வேண்டியதில்லை. பாதி லோடில் இந்த மெஷின் மணிக்கு ஒரு லிட்டர் பக்கம் குடிக்கும். தினம் நாலு மணி என்றால் 10 லிட்டர் இரும்பு ஜெர்ரி கேன் இரண்டில் ஐந்து நாள் ஓடும். புயல் எச்சரிக்கை வந்தபின் வாங்குங்கள், ஆவணியிலேயே வாங்கிச் சேர்க்காதீர்கள். கேனைக் கழுத்து வரை நிரப்பாமல் விரிவதற்கு இடம் விட்டு, தரையில் வைத்து நிரப்புங்கள். வண்டி மேலேயே வைத்துப் பிடித்தால் ஸ்டாடிக் பொறி வரும்.

வீட்டுக்குள் வேண்டாம், சமையலறைச் சுவருக்கு அந்தப்பக்கம்கூட வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் அடுப்பையோ சாமி விளக்கையோ தொட்டு, வந்த வழியே தீயோடு திரும்பும். நிழலான, பூட்டு உள்ள வெளிக்கொட்டகையில் வையுங்கள்.

ஓடும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்திய உடனேயும் ஊற்றக் கூடாது. டேங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் சைலன்சர் ஆற 15 நிமிடமாவது விடுங்கள். இரவு டார்ச் வெளிச்சத்தில் ஊற்றுவதைவிட மாலை ஓட்டத்துக்கு முன்னால் வெளிச்சத்திலேயே நிரப்பிவிடுவது நல்லது. இரண்டு கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்புச் சிலிண்டர் ஒன்று, கையெட்டும் தூரத்தில், ஆனால் ஜெனரேட்டரை ஒட்டி இல்லாமல் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

சும்மா வைக்கும் மாதங்களுக்கு: டேங்கில் பெட்ரோல் நிரப்பி, மாதம் ஒரு முறை 15 நிமிடம் பாதி லோடில் ஓட்டினால் போதும். ஈரம் போகும், கார்புரேட்டரும் உலராது.

டியூனிங்மேசை

மற்றதெல்லாம் சரி. கடைசி வரியில் மட்டும் எனக்கு வேறு கருத்து. இப்போது பங்கில் வருவது இ20, 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் அது நின்றால் உலோகம் அரித்துப் பூக்கும், பெட்ரோல் வரும் சின்னத் துளையான பைலட் ஜெட் அடைக்கும். வேதாரண்யம் மாதிரி உப்பளக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. மாதம் தவறாமல் ஓட்டி, பழையதைத் தீர்த்துப் புதிது ஊற்றுகிறவருக்கு அண்ணன் சொன்ன வழி சரி. இரண்டு மாதம் மறந்துவிடக்கூடிய வீட்டில் உலர்த்தி வைப்பதுதான் பாதுகாப்பு.

ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது என்றால்: எஞ்சின் ஆறியபின் டேங்கை கைப்பம்பால் காலி செய்யுங்கள், குழாயில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பெட்ரோலை பைக்குக்கு ஊற்றிக்கொள்ளலாம். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி மிச்சத்தை ஒரு தகர டப்பாவில் பிடியுங்கள். ஆயில் பழசாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள், பழைய ஆயிலின் அமிலம் உள்ளே கிடக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் புது ஆயில் விட்டு, சுவிட்ச் ஆஃபில் கயிற்றை நாலைந்து முறை மெதுவாக இழுத்துப் பிளக்கை மாட்டுங்கள். கடைசியாக, இழுக்கும்போது இறுக்கம் தட்டும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும், உப்புக்காற்று சிலிண்டருக்குள் போகாது.

ஏர் ஃபில்டர் பஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, சில சொட்டு ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். சாக்கெட் பின்களைத் துடையுங்கள். பாலித்தீன் உறை போட்டு இறுகக் கட்டினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும், பருத்தித் துணி போதும். சைலன்சர் வாயிலும் காற்று வரும் ஓட்டையிலும் எலி கூடு கட்டும். கம்பி வலை வைத்து அடையுங்கள், அந்த வலையை எடுக்கவும் மறக்காதபடி சாவியோடு ஒரு சீட்டுக் கட்டுங்கள். புரட்டாசியில் வெளியே எடுத்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, புது பெட்ரோல் ஊற்றி மோட்டாரோடு ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பழையகேன்

இ20க்கு அது சரிதான் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். முழு டேங்கோடு மறந்துவிட்டால் என் வழி கெடுதல்.

வேதாரண்யம்வாசி

எல்லோருக்கும் நன்றி. தெற்குப் பக்கம் 22 அடி தள்ளி இடம் பார்த்துவிட்டேன். மழையில் நனையாமல் ஓட்ட மேலே தார்ப்பாய் போர்த்தலாமா?

நீலச்சுடர்

மெஷின் மேல் போர்த்தினால் தீப்பிடிக்கும், மூச்சும் முட்டும். நாலு ஜி.ஐ. குழாய் நட்டு, ஆறடி உயரத்தில் தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு. மெஷினைச் சுற்றி மூன்றடி இடம் காலி. சாரல் அடிக்கும் என்பதால் கூரையை இரண்டடி நீட்டிவிடுங்கள். உங்கள் மனையில் இதற்கு முன் தண்ணீர் நின்ற உயரத்தைப் பார்த்து அதற்கு மேல் ஓரடி வருகிறாற்போல் சிமென்ட் மேடை கட்டுங்கள். பிளக் சேரும் இடம் தரையில் கிடக்காமல் குழாயில் கட்டித் தொங்கட்டும். ஈரக் கையோடு, வெறுங்காலோடு தொடாதீர்கள்.

புயல் கடக்கும் நேரத்தில் ஓட்டவே வேண்டாம். கூரைத் தகரத்தைக் கழற்றிப் படுக்கவைத்து, மெஷினை ஆறியபின் பெட்ரோல் காக்கை மூடி வெளிக்கொட்டகைக்குள் நகர்த்திவிடுங்கள். காற்று அடங்கி, தெருவில் அறுந்த கம்பி எதுவும் வேலியில் கிடக்கவில்லை என்று பார்த்தபிறகு வெளியே எடுங்கள். கம்பி கிடந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போகாமல் இருங்கள். வேறு யாராவது இருபக்கப் பிளக் ஒயர் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கம்பியிலும் கரண்ட் இருக்கும்.